ஆறாத வாய்ப்புண், கரையாத கழுத்துக் கட்டி: எங்கே தவறுகிறோம்?

வாய்ப் புற்றுநோய்க்கு ஸ்கேன் எடுத்துத் தேட வேண்டியதில்லை. நாக்கை நீட்டி, கன்னத்தை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். அப்படியும் நம் ஊரில் பெரும்பாலோர் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். பயம் ஒரு காரணம். ஆனால் என்னவென்று பார்க்காமலேயே வைத்தியம் செய்துகொண்டிருப்பதுதான் பெரிய காரணம் என்பேன்.

வாய்ப்புண் வந்தால் பி காம்ப்ளெக்ஸ், மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பு, மணத்தக்காளிக் கீரை. சரி, இரண்டு வாரம் பார்க்கலாம். சாதாரணப் புண் வலிக்கும், அதற்குள் ஆறியும்விடும். புற்றுப்புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. "வலியே இல்லையே, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடுவது இதனால்தான். 3 வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்குச் சதைப் பரிசோதனை, அதாவது சிறிது சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி வேண்டும். வெள்ளைத் திட்டையும் காட்ட வேண்டும். சிவப்புத் திட்டு அதைவிட மோசம். புண்ணுக்குப் பக்கத்தில் பல் ஆடுகிறது என்று பல்லை மட்டும் பிடுங்கிவிட்டுப் புண்ணை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

"புகையிலை தொடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பவர்களும் தப்ப முடியாது. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. காரம் பட்டால் எரிகிறது, வாய் முன்போல அகலத் திறக்கவில்லை என்றால் பாக்கை அன்றே நிறுத்த வேண்டும்.

குரல் கம்மல் 3 வாரம் நீடித்தால் இருமல் மருந்து மாற்றி மாற்றிக் குடிப்பதில் பயனில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்கோப் வைத்துக் குரல்வளையைப் பார்க்க வேண்டும். காதில் கோளாறு எதுவும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் காது வலிக்கிறதா? தொண்டையிலோ அடிநாக்கிலோ இருக்கும் கட்டி அப்படி வலியைக் காதுக்கு அனுப்பும்.

கழுத்துக் கட்டியில் மருத்துவர்களும் தவறுகிறார்கள். நெறி கட்டியிருந்தால் டிபி என்று எண்ணி, பரிசோதிக்காமலேயே மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுப்பது ஒன்று. எடுத்த எடுப்பில் கட்டியை அறுத்து எடுப்பது இன்னொன்று. அப்படி அறுத்த கழுத்தில் பிறகு முறையான அறுவை செய்வது சிக்கலாகிவிடும். வாய், தொண்டையில் இருக்கும் புற்று கழுத்து நெறிக்குப் பரவியும் கட்டி வரலாம் என்பதால், முதலில் அவற்றை முழுக்கப் பார்க்க வேண்டும், பிறகு ஊசி போட்டுச் செல்களை எடுத்துப் பார்க்க வேண்டும். 40 வயதுக்கு மேல் புதிதாக வந்த கட்டியில் வெறும் நீர்தான் இருக்கிறது என்றாலும் நம்பி விட்டுவிடக் கூடாது.

"கத்தி பட்டால் பரவும்" என்பதால் சதை எடுக்கவே மறுப்பவர்கள் உண்டு. பரவுவதற்குக் கத்தி தேவையில்லை, தள்ளிப்போடும் மாதங்களே போதும்.

சிகிச்சைக்கு வருவோம். வாய்ப் புற்றுக்குப் பொதுவாக அறுவைதான் முதலில். "கழுத்தில் கட்டியே இல்லையே, அங்கே ஏன் வெட்டுகிறார்கள்?" என்று குடும்பத்தினர் கேட்பது நியாயம்தான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றில் கழுத்து நெறிகளையும் சேர்த்தே எடுத்தவர்களில் 3 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். கட்டி வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களில் 67.5 சதவீதம்தான். குரல்வளைப் புற்று ஆரம்பத்திலேயே தெரிந்தால் கதிர்வீச்சு மட்டுமே போதும் என்ற நிலையும் உண்டு, குரலும் மிஞ்சும்.

கதிர்வீச்சுக்கு, அதாவது கரண்ட் வைப்பதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். எடுக்க வேண்டிய பல்லை அப்போதே எடுத்து, புண் ஆறவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பே ஆறாமல் அழுகிப்போகலாம்.

வாரத்துக்கு 5 நாள், 6 அல்லது 7 வாரம் கரண்ட் வைப்பார்கள். பாதியில் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில்கூட விழுங்க முடியாமல் போகும்போது பலர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடைவெளியில் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் மறுபடி பெருகும். வலி மருந்தைக் கூட்டித் தரச் சொல்லுங்கள். மூக்கு வழியாக உணவுக் குழாய் போடலாம் என்றால் மறுக்க வேண்டாம். விழுங்க வந்ததும் எடுத்துவிடுவார்கள்.