புதுத் தையல் மெசினைக் கடையிலேயே சோதிப்பது எப்படி

களுவாஞ்சிகுடியில் 22 வருடமாகத் தையல் மெசின் திருத்துகிறேன். "இது சைனாவா, அங்கிள்?" என்றுதான் பிள்ளைகள் முதலில் கேட்பார்கள். சைனாவில் நல்லதும் செய்கிறார்கள், குப்பையும் செய்கிறார்கள். வெளிநாட்டில் செய்விக்கிற கம்பனி என்ன விலைக்கு ஓடர் கொடுக்கிறதோ, அந்த விலைக்குத்தான் இரும்பு வரும். விலையைக் குறைக்கச் சொன்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கை வைப்பார்கள். உள்ளே பல்சக்கரம் நைலோன் ஆகிவிடும், வெளியே பெயின்டும் பூவும் பழையபடி மினுங்கும்.

பெட்டியிலுள்ள பார்கோட்டும் உதவாது. 479 என்று தொடங்கினால் அந்த இலக்கத்தை இலங்கையில் பதிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சாமான் எங்கே செய்தது என்பது அதில் இல்லை.

சரி, கடையில் என்ன செய்வது? ஊசியையும் பெல்ட்டையும் கழற்றச் சொல்லி, கை வீலை ஒரு விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்குள் ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் லேசாக ஓடினால் வேண்டாம். அப்புறம் ஊசித் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். புது மெசினிலேயே ஆடினால், ஆறு மாதத்தில் அது என் மேசைக்கு வரும். ஊசிக்குக் கீழே நூலைக் கொக்கி போட்டுப் பிடிக்கிற ஷட்டிலின் கூர் நுனியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிசிறு தட்டினால் அதுதான் நூலை அறுக்கப் போகிறது.

துணியும் நூலும் வீட்டிலிருந்து கொண்டு போங்கள். கடைக்காரர் தருகிற துண்டில் எந்த மெசினும் நன்றாகத் தைக்கும். ஜீன்ஸ் மடிப்பு ஒன்று, மெல்லிய வொயில் ஒன்று. தைத்ததும் அடிப்பக்கத் தையலைப் பாருங்கள்.

உதிரிப்பாகம்தான் பெரிய விசயம். கல்முனையில் வாங்கிய சாதாரண பொபின் கேஸ், அதாவது அடிநூல் உருளை வைக்கிற கூடு, அதில் பொருந்துமா என்று போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

பழைய சிங்கர் கிடைத்தால்? மெசினில் பொறித்த தொடர் இலக்கம் ஆங்கில 'ஈ'யில் (E) தொடங்கும் இரண்டு எழுத்தோடு இருந்தால், 1980இல் மூடிய ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. 2004 சுனாமியில் உப்புத் தண்ணீர் குடித்த ஒன்றை மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊற வைத்து எடுத்தேன், இன்றும் ஓடுகிறது. ஆனால் எல்லாப் பழசும் அப்படியில்லை, அதையும் மேலே சொன்னபடி ஆட்டிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், மனே. பிசினாக ஒட்டிக்கொள்ளும். கழற்றித் துடைக்க எனக்கு ஒரு பகல் போய்விடும்.