நெறிமுறைக் குழுக்களை உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1996-இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஓர் அமெரிக்க மருந்து நிறுவனம் அங்கே குழந்தைகளிடம் புதிய ஆன்டிபயாட்டிக் ஒன்றைச் சோதித்தது. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு, அதாவது மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகளை முன்கூட்டியே மதிப்பிட்டு அனுமதி தரும் குழு, ஒப்புதல் தந்ததாக ஒரு கடிதம் இருந்தது. அந்தத் தேதியில் அந்த மருத்துவமனையில் அப்படியொரு குழுவே கிடையாது, கடிதம் பின்னால் தயாரிக்கப்பட்டது என்று பிறகு தெரியவந்தது.

இந்த நிலையை மாற்ற 2000-க்குப் பிறகு பல முயற்சிகள் நடந்தன. யுனெஸ்கோ 2005-இல் ஏற்ற உயிரிநெறிமுறை, மனித உரிமைகள் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவு சுதந்திரமான, பல துறையினர் அடங்கிய குழுக்களைக் கேட்கிறது. 23-ஆம் பிரிவு கல்வியையும் பயிற்சியையும் கேட்கிறது. அமெரிக்காவின் ஃபோகார்ட்டி மையம் வளரும் நாடுகளின் ஆய்வு நெறிமுறைப் படிப்புகளுக்கு நிதி தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு வளர்ந்த ஃபெர்கேப் அமைப்பு 2000 முதல் ஆசிய, மேற்குப் பசிபிக் நாடுகளின் குழுக்களைப் பயிற்றுவிக்கிறது, நேரில் வந்து ஆய்வும் செய்கிறது. ஆகவே குழு இல்லை என்பது இன்று பல இடங்களில் பிரச்சினையே அல்ல. குழு இருக்கிறது; அதற்கு ஆபீஸ் இல்லை, நேரம் இல்லை, ஒப்புதல் தந்த ஆய்வு என்ன ஆனது என்று பார்க்க வழியும் இல்லை. நிதி தருபவர்களும் கல்லூரி நிர்வாகங்களும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஆணை போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

உறுப்பினர் பட்டியலோடு ஓர் ஆணை வெளியாகும், புகைப்படம் எடுப்பார்கள். உறுப்பினர்-செயலர் வேலை, ஏற்கெனவே ஒரு துறையை நடத்திக்கொண்டிருக்கும் பேராசிரியர் தலையில் விழும். எழுத்தர் கிடையாது, பூட்டக்கூடிய அலமாரி கிடையாது. முதல் ஆண்டிலேயே கோப்புகள் அவருடைய சொந்த மின்னஞ்சலில் சிதறிவிடும். அவருக்கு மாறுதல் வந்தால் குழுவின் நினைவும் கூடவே போய்விடும்.

முதல் பணத்தை ஒரு முழுநேர அலுவலருக்குச் செலவிடுங்கள். அவர் செய்ய வேண்டியது எளிமையானது: வரும் ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்துக்கும் எண், வந்த தேதி, பதிப்பு எண் இட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஆவணங்களை உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொரு திட்டத்துக்கும் இரண்டு முதன்மை மதிப்பீட்டாளர்களைக் குறிக்க வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லாத குழு, இரண்டு மணி நேரக் கூட்டத்தில் 20 திட்டங்களை எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு ஆறு நிமிடம். அதற்குள், ஆய்வில் சேர்பவர் கையெழுத்திடும் சம்மதப் படிவத்தைக்கூட முழுதாகப் படிக்க முடியாது.

கூட்டம் செல்லுபடியாகத் தேவையான எண்ணிக்கையை (கோரம்) கணக்கிடாமல் ஆள் சேர்ப்பது

இந்தியாவை எடுத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். தலைவரும் வெளியாளாகவே இருக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக 5 பேர் தேவை. அந்த ஐவரில் அடிப்படை மருத்துவ விஞ்ஞானி, மருத்துவர், சட்டம் அறிந்தவர், சமூக அறிவியலாளர் அல்லது தொண்டு நிறுவனப் பிரதிநிதி போன்றவர், சாதாரணப் பொதுமகன் என்று ஒவ்வொரு வகையினரும் இருந்தாக வேண்டும்.

இப்போது சரியாக 7 பேரோடு குழு அமைக்கிறீர்கள். ஒருவர் விடுப்பு, ஒருவர் நீதிமன்றத்தில். ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த திட்டத்தின் ஆய்வாளரே அந்த ஐவரில் ஒருவர். தன் திட்டம் பேசப்படும்போது அவர் அறையை விட்டு வெளியேற வேண்டும். மிச்சம் நான்கு பேர். அந்த முடிவு செல்லாது. நீதிமன்றம் போனவர்தான் உங்களிடம் இருந்த ஒரே வழக்கறிஞர் என்றால் அன்றைய கூட்டமே செல்லாது. பத்துப் பன்னிரண்டு பேரைச் சேருங்கள். சட்டத்துக்கும் பொதுமக்கள் தரப்புக்கும் தலா இருவராவது வையுங்கள். பொதுமக்கள் பிரதிநிதி என்ற பெயரில் ஓய்வு பெற்ற மருத்துவரை உட்கார வைக்காதீர்கள். நோயாளியின் பக்கமிருந்து படிவத்தைப் படித்து "இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்வதற்காகவே அந்த நாற்காலி இருக்கிறது.

நிறுவனத் தலைவர் உறுப்பினராகக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. டீன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது உதவிப் பேராசிரியர் எப்படி "வேண்டாம்" என்பார்?

தனி ஆட்களுக்குச் சான்றிதழ், குழுவுக்கு ஒன்றுமில்லை

இருப்பதிலேயே செலவு மிகுந்த தவறு இது. ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறார்கள். திரும்பி வந்ததும் நெறிமுறையோடு தொடர்பே இல்லாத பதவி கிடைக்கிறது. இன்னொரு பக்கம், யுனெஸ்கோவின் 2008 அடிப்படைப் பாடத்திட்டம் 17 அலகுகளுக்குக் குறைந்தது 30 மணி நேரம் கேட்கிறது; அது ஒரு நாள் கருத்தரங்காகச் சுருங்குகிறது. விளக்கேற்றல், சிறப்புரை, மதிய உணவு, சான்றிதழ். நூரெம்பெர்க், ஹெல்சிங்கி, பெல்மான்ட் என்று ஆய்வு நெறிமுறை ஆவணங்களின் வரலாறு சொல்லியே நேரம் தீர்ந்துவிடும். மறுநாள் மேசைக்கு வரும் திட்டத்தை எப்படிப் படிப்பது என்பது யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், திரும்பியதும் குழுச் செயலகத்தில் எந்தப் பொறுப்பு என்பதை அனுப்பும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். உள்ளூர்ப் பயிற்சியில் தலைவர், செயலர், பொதுமக்கள் பிரதிநிதி உட்பட குழு முழுவதும் ஒன்றாக உட்காரட்டும். அதே குழுவின் பழைய கோப்புகளில் மூன்றை எடுத்து, பெயர்களை மறைத்து, முதலில் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். பிறகு முடிவுகளை ஒப்பிடுங்கள். ஒரே திட்டத்துக்கு மூவர் "ஒப்புதல்" என்றும் இருவர் "நிராகரிப்பு" என்றும் எழுதியிருந்தால், அந்த வேறுபாடே அன்றைய பாடம். ஆறு மாதம் கழித்துப் பயிற்சியாளர் ஓர் உண்மையான கூட்டத்தில் பார்வையாளராக வந்து உட்கார வேண்டும்.

மினிட்ஸைச் சுருக்கி எழுதுவது

ஒரு குழுவின் தரத்தை அறிய அதன் மினிட்ஸைப் படித்தால் போதும். பலவீனமான குழு இப்படி எழுதும்: "சம்மதப் படிவத்தை எளிமைப்படுத்தித் தரவும்." ஆய்வாளர் இரண்டு சொற்களை மாற்றித் திருப்பி அனுப்புவார், ஒப்புதல் கிடைத்துவிடும்.

வேலை தெரிந்த குழு எழுதுவது வேறு மாதிரி இருக்கும்: "பக்கம் 3. திட்டத்தில் நான்கு முறை, தலா 5 மி.லி. ரத்தம் என்று உள்ளது. படிவத்தில் 'சிறிதளவு ரத்தம்' என்று மட்டும் உள்ளது. முறையும் அளவும் எழுதவும். மிச்ச ரத்தம் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போவது படிவத்தில் இல்லை. சேர்த்து, அதற்குத் தனிக் கையொப்பம் பெறவும். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்று எழுதவும்." காரணம், இடம், செய்ய வேண்டியது மூன்றும் இதில் உண்டு. திருத்தம் வந்ததா என்று பிறகு வரிவரியாகச் சரிபார்க்கலாம்.

வேறொரு நாட்டின் செயல்முறை விதிகளை அப்படியே நகலெடுப்பதும் பரவலாக நடக்கிறது. விதியில் பத்து நாளில் பதில் என்று இருக்கும். குழு கூடுவதோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. செய்ய முடிந்ததை மட்டும் எழுதி வையுங்கள். எழுதியதைச் செய்கிறீர்களா என்றுதான் ஆய்வுக்கு வருபவர்கள் பார்ப்பார்கள்.

ஒப்புதலோடு கோப்பை மூடுவது

ஃபெர்கேப் வழியாக நடக்கும் சிட்சர் (நெறிமுறைக் குழுக்களின் திறனை வளர்க்கும் சர்வதேச முயற்சி) அங்கீகார ஆய்வு ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: அமைப்பு, கொள்கைகளைப் பின்பற்றல், மதிப்பீடு, மதிப்பீட்டுக்குப் பிந்தைய நடவடிக்கை, ஆவணப் பாதுகாப்பு. நான்காவதில்தான் நிறையக் குழுக்கள் தடுமாறும். இந்திய விதிப்படி, கடுமையான பாதகம் நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். மரணம் என்றால் குழு 30 நாளுக்குள் தன் அறிக்கையை அனுப்ப வேண்டும். அடுத்த கூட்டம் 45 நாள் கழித்து என்றால் இது நடக்காது. இதற்கென அவசரமாகக் கூடும் துணைக்குழுவை முதலிலேயே அமைத்துவிடுங்கள். கொள்ளைநோய்க் காலத்திலும் அதே துணைக்குழு கைகொடுக்கும்.

ஒவ்வோர் ஆய்வுக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தொடர் மதிப்பீடு தேவை. ஆபத்து மிகுந்த ஓரிரண்டு ஆய்வுகளுக்காவது நேரில் போய், கையெழுத்தான படிவங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தின்போது, மாணவியரின் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் படிவங்களில் கையெழுத்திட்டது விசாரணையில் வெளிவந்தது. கூட்ட அறையில் உட்கார்ந்தபடி இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வெளிநாட்டு ஒப்புதலை நம்பிக் கையெழுத்திடுவது

ஆய்வை நடத்த ஏற்பாடு செய்யும் ஸ்பான்சரின் நாட்டுக் குழு அனுமதித்துவிட்டது என்பது உள்ளூர் மதிப்பீட்டுக்கு மாற்றாகாது. இரு நாட்டிலும் மதிப்பீடு வேண்டும் என்கிறது, சர்வதேச மருத்துவ அறிவியல் அமைப்புகளின் கவுன்சிலான சியாம்ஸின் 2016 வழிகாட்டுதல். சோதனை முடிந்த பிறகு அந்த மருந்து பங்கேற்றவர்களுக்குக் கிடைக்குமா, பயணப்படி கூலி இழப்பை ஈடுகட்டுகிறதா, கணவரைக் கேட்காமல் ஒரு பெண் தானாக மறுக்க முடியுமா என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள்தான் கேட்கக்கூடிய கேள்விகள்.

கடைசியாகப் பணம். மூன்றாண்டு நிதி முடிந்ததும் அலுவலரின் சம்பளம் நிற்கும், குழுவும் படுத்துவிடும். இரண்டாம் ஆண்டிலிருந்தே சம்பளத்தின் ஒரு பகுதியை நிறுவன பட்ஜெட்டில் ஏற்றச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மருந்து நிறுவனங்களின் திட்டங்களுக்குக் கட்டணம் வாங்கலாம், மாணவர் ஆய்வுகளுக்கு வேண்டாம். கட்டணத்தை விண்ணப்பத்தோடு நிறுவனக் கணக்கில் வாங்கிவிடுங்கள். முடிவு எதுவானாலும் தொகை மாறக் கூடாது.