கொங்காவும் ஜாஸும் டர்ன்டேபிளும் ஒரே மேடையில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெர்பி ஹேன்காக் 1983இல் வெளியிட்ட ‘ராக்கிட்’ என்ற பதிவில், ஜாஸ் பியானோவில் ஊறிய அவருடைய சின்தசைசரோடு, கிராண்ட்மிக்ஸர் டி.எஸ்.டி. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பிய ஸ்கிராட்ச் ஓசையும், கியூபாவைச் சேர்ந்த டேனியல் போன்சே வாசித்த பத்தா முரசும் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்தப் பதிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்கிராட்ச்சைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. பத்தாவைக் குறிப்பிடுகிறவர்கள் மிகக் குறைவு. ஜாஸ், டர்ன்டேபிள், கியூபத் தாளம் ஆகிய மூன்றையும் ஒரே குழுவில் இணைக்க விரும்பும் இளம் கலைஞர்களின் முதல் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை வேடிக்கை காட்டும் கருவியாகவும், கையால் தட்டும் உயரமான கியூப முரசான கொங்காவை ஓசைக்கு நிறம் கூட்டும் பின்னணியாகவும் அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

டர்ன்டேபிள் கலை கரீபியக் கைகளில் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடந்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்ட டிஜே கூல் ஹெர்க், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். பதிவிலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவதற்காக அவர் பரப்பிய புகழ்பெற்ற தாளத்துண்டுகளில் ஒன்றான ‘அப்பாச்சி’யில் கொங்கா வாசித்தவர் பஹாமாஸைச் சேர்ந்த கிங் எரிசன். ஆகவே டிஜேயை மேடையின் ஓரத்தில் தனியாக நிறுத்தாமல் தாளக் கலைஞர்களின் வரிசையிலேயே, கொங்கா வாசிப்பவரின் கைகள் அவர் கண்ணில் படும் இடத்தில் அமர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த தவறுதான் மிகப் பெரியது. கியூப இசையின் முதுகெலும்பான கிளாவேயை, இரண்டு குச்சிகளால் தட்டும் ஓர் ஒலிக்கோலமாக மட்டும் எடுத்துக்கொள்வது அந்தத் தவறு. இரண்டு பார்கள் (நான்கு அடி கொண்ட தாள அளவுகள்) நீளும் ஒரு சுற்றைப் பதினாறு நுண்ணடிகளாகப் பிரித்தால், சோன் என்ற கியூப இசைவகைக்குரிய கிளாவேயின் ஐந்து தட்டுகள் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் விழும். ரும்பா என்ற மற்றொரு வகையின் கிளாவேயில் மூன்றாவது தட்டு மட்டும் ஏழிலிருந்து எட்டுக்குத் தள்ளிப்போகும். ஒரு பாதியில் மூன்று தட்டுகளும் மறுபாதியில் இரண்டும் இருப்பதால், பாட்டு எந்தப் பாதியில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து அது 3-2 என்றோ 2-3 என்றோ அழைக்கப்படுகிறது. நம் கச்சேரிகளில் தாளம் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருக்க, எடுப்பு மாறினால் பாட்டின் நடையே வேறாகத் தெரிவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மெட்டு, பியானோவின் தொடர்கோலம், பித்தளைக் குழல்களின் குறுவீச்சுகள் எல்லாமே 3-2 அல்லது 2-3 என்ற இந்தத் திசைக்கு இசைந்து நடக்க வேண்டும்.

டிஜே ஒரு பாரை மட்டும் வெட்டி அதையே சுழலவிட்டால் இரு பாதிகளுக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடுகிறது. மூன்று பார் கொண்ட துண்டை நடுவில் செருகினாலோ திசையே தலைகீழாகிறது. கியூபக் கலைஞர்கள் இதைக் கிளாவே குறுக்காகிவிட்டது என்பார்கள். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஆடிக்கொண்டிருந்தவரின் கால் தடுமாறும். எனவே ஒத்திகைக்கு முன்பே டிஜே தாம் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு துண்டையும் கிளாவேயைக் கையில் தட்டியபடி கேட்டு, அது எந்தப் பாதியில் நுழைய வேண்டும் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

இதை ஒட்டியே இன்னொரு மோதலும் உண்டு. கியூப நடையில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் கருவி பெரும்பாலும் முதல் அடியைத் தவிர்த்து, நான்காம் அடியிலேயே அடுத்த சுரத்தை முன்கூட்டி எடுத்துவிடும்; கொங்காவின் திறந்த ஒலிகளும் பாரின் முடிவில்தான் விழும். ஃபங்க், ஹிப்-ஹாப் இசைத்தட்டுகளிலோ முதல் அடியில் பெரிய டிரம் ஓங்கி விழும். இரண்டையும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாஸின் அழகான தாவல் நசுங்கிப்போகும் என்பதால், கியூப நடை ஓடும் பகுதிகளில் டிஜே ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துவிடுவதே முறை.

ஜாஸ் டிரம்மர் எல்லா இடத்திலும் ஸ்விங் நடையில், அதாவது நுண்ணடிகளை நீளமும் குறுமையுமாகச் சாய்த்து, தட்டுவதும் தவிர்க்க வேண்டியது. கியூப நடையின் நுண்ணடிகள் அப்படிச் சாய்வதில்லை. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழு 1947 டிசம்பரில் கியூபக் கலைஞர் சானோ போசோவின் கொங்காவோடு பதிவு செய்த ‘மண்டேகா’வில் தொடக்கப் பகுதி கியூப நடையிலும் நடுப்பகுதி ஸ்விங்கிலும் அமைந்திருக்கிறது. இரு நடைகளையும் ஒரே இடத்தில் குழைக்காமல் எல்லை வகுத்த அந்த அமைப்பு இன்றும் நல்ல பாடம்.

சுருதியை மறப்பது பலரும் செய்யும் தவறு. டிஜேக்கள் நெடுங்காலமாக நம்பும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 கருவியில் இசைத்தட்டின் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆனால் வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். ஏறக்குறைய 6 விழுக்காட்டிற்கு அரைச்சுரம் உயர்ந்துவிடும். நிமிடத்திற்கு 96 அடிகள் ஓடும் தட்டை 102க்கு உயர்த்திவிட்டு, பியானோ கலைஞர் பழைய சுருதியிலேயே வாசித்தால் காது கூசும். தாளம் மட்டுமே உள்ள துண்டுகளைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. டிஜிட்டல் முறையில் சுருதியைப் பூட்டிவைப்பது மற்றொன்று, ஆனால் அதில் தாளக்கருவிகளின் கூர்மை சற்று மழுங்குவதுண்டு. மேலும், நேரடியாக வாசிக்கும் தாளக் கலைஞர்களின் காலப்பிரமாணம் உற்சாகத்தில் மெல்ல ஏறும். இசைத்தட்டு தானாக ஏறாது. குழுவினரைத் தட்டின் வேகத்திற்குக் கட்டிப்போடாமல், டிஜேயே விரலால் தட்டை நகர்த்திப் பின்தொடர வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

பத்தாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இயா, இதோத்தெலே, ஒகோன்கோலோ என்ற மூன்று இருமுக முரசுகள் மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்களின் வழியாகக் கியூபாவுக்கு வந்தவை. ஒவ்வொரு தெய்வத்திற்கும் உரிய தனித்தனி வாசிப்புகள் அவற்றில் உண்டு. வழிபாட்டிற்கென்று புனிதப்படுத்தப்பட்ட முரசுகளைத் தீட்சை பெற்றவர்களே தொடுவார்கள். புனிதப்படுத்தாதவை மேடைக்கு வருகின்றன. ஆராய்ச்சியாளர் ஃபெர்னாண்டோ ஓர்த்திஸ் 1936இல் ஹவானாவில் முதன்முதலாகப் பொது அரங்கில் இம்முரசுகளை ஒலிக்கச் செய்தபோதே இந்த வேறுபாடு மதிக்கப்பட்டது. வழிபாட்டுப் பாடலின் பதிவிலிருந்து ஓர் அடியைப் பிய்த்து ஸ்கிராட்ச் செய்வது பிறர் வழிபாட்டை அலங்காரப் பொருளாக்குவதாகும். அந்த மரபில் பயின்றவரிடம் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது.

மேடை ஏற்பாட்டில், டர்ன்டேபிளைத் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் ஒலிபெருக்கிகளுக்கு அருகிலோ அதிரும் பலகைமீதோ வைத்தால் அதிர்வு ஊசி வழியே ஏறி இரைச்சலாகத் திரும்பி வரும், சில நேரம் ஊசியும் தாவும். கனமான பலகையும் அடியில் தடித்த ரப்பரும் போதும்.

கடைசி ஒத்திகைக்கு மட்டும் டிஜேயை அழைக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத போசோ, குழுவினர் பயணம் செய்த பேருந்திலேயே ஒவ்வொருவர் கையிலும் ஒரு முரசைக் கொடுத்து, வெவ்வேறு தாளங்களைச் சேர்த்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தார் என்று கில்லெஸ்பி நினைவுகூர்ந்திருக்கிறார். டிஜேயின் கையிலும் முதல் வாரமே இரண்டு கிளாவே குச்சிகளைக் கொடுங்கள். கொங்கா கலைஞரையும் ஒரு பிற்பகலாவது டர்ன்டேபிள் முன் அமரச் செய்யுங்கள்.