டிஸ்க் பேஷண்டுக்கு விஆர் ஹெட்செட் மாட்டுறப்ப பண்ற தப்புகள்

இப்பல்லாம் டெல்டா பக்கம் சின்ன ஊர் பிசியோ சென்டர்லகூட விஆர் ஹெட்செட் வந்துருச்சு, கண்ணுல மாட்டினா கேமுக்குள்ளயே நிக்கிற மாதிரி காட்டுமே, அதுதான். புதுசா படிச்சு முடிச்சு வர்ற பசங்க ஆசையா வாங்கி வைக்கிறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா அவங்க பண்றதைப் பாத்தா நாங்க ஆரம்பத்துல சொதப்பினது அப்படியே ரீப்ளே ஆகுற மாதிரி இருக்கு. சார்ஜ் போட மறந்தது, பவுண்டரி (ஆடுற எடத்தோட எல்லை) செட் பண்ணாம பேஷண்ட் சுவத்துல கையை இடிச்சுக்கிட்டது, இதெல்லாம் ரெண்டு நாள்ல தானா கத்துக்குவீங்க, அதைப் பத்தி நான் பேசலை.

எம்ஆர்ஐ ஃபிலிமைப் பாத்து கேம் எடுக்கிறது

ரிப்போர்ட்ல எல்4-எல்5 பல்ஜ்னு, அதாவது இடுப்புல நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு இருக்கும், உடனே "டிஸ்க் கேஸ்"னு ஒரே கேமை எல்லாருக்கும் போட்டு விடுறது. வலியே இல்லாதவங்களோட ஸ்கேனை எல்லாம் சேத்துப் பாத்து 2015ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. அதுல 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருக்கு, 80 வயசுல 84 சதவீதம். அப்ப ஃபிலிம்ல இருக்கிற பல்ஜ்தான் இவரோட வலிக்கு காரணம்னு எப்படி சொல்லுவீங்க?

திருபுவனத்துல பள்ளத்தறில உக்காந்து நாள் முழுக்க குனிஞ்சு பட்டு நெய்யுறவருக்கு பின்னாடி வளைஞ்சா கால் வலி கொறையும். அதே ரிப்போர்ட்டோட வர்ற 70 வயசு தாத்தாவுக்கு பின்னாடி வளைஞ்சா கால் மரத்துப்போகும், உக்காந்தா நிம்மதி. முன்னவருக்கு தரையில இருந்து பழம் பொறுக்குற கேமும் தாத்தாவுக்கு தலைக்கு மேல எட்டிப் பிடிக்கிற கேமும் போட்டா ரெண்டு பேருமே நொண்டிக்கிட்டுதான் வீட்டுக்குப் போவாங்க. முதல்ல ஹெட்செட் இல்லாம பத்துப் பத்து தடவை குனிய வச்சு, நிமித்தி வளைய வச்சு, எந்தப் பக்கம் போனா வலி கால்ல இருந்து இடுப்பைப் பாத்து ஏறுதுன்னு பாருங்க. கேம் அப்புறம்.

ஹெட்செட் மாட்டிருக்கும்போது வலி எவ்வளவுன்னு கேக்குறது

இதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் எரிச்சல் வர்ற விஷயம்.

நெல் கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பம் தூக்குற அண்ணன் ஒருத்தர், வேற ஒரு சென்டர்ல விஆர் பண்ணிட்டு எங்கிட்ட வந்தாரு, கையில ஃபைல். ஃபைலைப் பாத்தா அவ்ளோ அழகு, கேம் ஸ்கோர் ஒரு வரிசை, பத்துக்கு எவ்வளவு வலின்னு ஒரு வரிசை, 7, 5, 3, 2ன்னு எறங்கிக்கிட்டே வருது, கீழ "நல்ல முன்னேற்றம்"னு எழுதி கையெழுத்து. "நல்லாயிருச்சுன்னு போட்டிருக்காங்களேண்ணே, அப்புறம் ஏன் வந்தீங்க"ன்னு கேட்டேன். "மாட்டிருக்கும்போது ஒண்ணுமே தெரியலை தம்பி, பந்து வருது, அடிக்கிறேன், ஜாலியாத்தான் இருக்கு. மறுநாள் காலைல பல்லு வெளக்க குனிய முடியலை, கெண்டக்கால்ல இருந்து சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் மாதிரி இழுக்குது"ன்னாரு. முன்னாடி எங்க இருந்துச்சுன்னு கேட்டா, முன்னாடி குண்டியோட சரியாம். சுவத்தைப் பிடிச்சு ஒத்தக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்கச் சொன்னேன். இடது கால் ஜம்முனு தூக்குது. வலது குதிகால் ரெண்டாவது தடவையே தரையை விட்டு எழும்பலை, முட்டியை மடக்கி ஏமாத்தப் பாக்குறாரு. கெண்டைக்காலுக்குப் போற எஸ்1 நரம்பு அழுந்தி பலம் போயிருக்கு. அன்னிக்கே நியூரோ டாக்டர்கிட்ட அனுப்பினேன். இதுல கொடுமை என்னன்னா, அந்த ஆப் ஸ்கோரைப் பாத்து தானாவே லெவலை ஏத்துற ஆப். நரம்பு செத்துக்கிட்டு இருக்கு, லெவல் ஏறிக்கிட்டு இருக்கு, ஃபைல்ல முன்னேற்றம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, விஆர் வலியைக் கொறைக்கிறது உண்மைதான், கவனத்தை இழுத்துக்கும். அமெரிக்காவுல வாஷிங்டன் யூனிவர்சிட்டியில தீக்காயம் பட்டவங்களுக்கு டிரெஸ்ஸிங் மாத்தும்போது விஆர்ல பனி உலகம் ஒண்ணைக் காட்டி இதை நிரூபிச்சாங்க. ஆனா அங்க பேஷண்ட் சும்மா படுத்திருக்காரு, வேலை செய்யுறது நர்ஸ். நம்ம ஆளு வலியை மறந்துட்டு அவரோட முதுகையே வளைச்சு திருப்பி ஆடுறாரு. போதும் நிறுத்துன்னு சொல்ல வேண்டிய வலியை நாமளே மியூட் பண்ணி வச்சுட்டு, சத்தம் வரலை அதனால சரியாயிருச்சுன்னு எழுதுறோம்.

குனியுறது லேசுப்பட்ட விஷயமும் இல்லை. 1999ல ஒரு ஆரோக்கியமான ஆளோட எல்4-எல்5 டிஸ்க்குக்குள்ளயே சென்சார் வச்சு பிரஷரை அளந்தாங்க. நேரா நின்னா 0.5 மெகாபாஸ்கல், நின்னு முன்னாடி குனிஞ்சா 1.1, முதுகை வளைச்சு 20 கிலோ தூக்கினா 2.3. ஒரே ஒரு ஆள்தான், ஆனாலும் திசை தெரியுதுல்ல. இதைக் காட்டி பேஷண்டைப் பயமுறுத்தாதீங்க, டிஸ்க் ஒண்ணும் கண்ணாடி இல்லை, கால் வலி கடுமையா இருக்கிற வாரங்கள்ல குனியுற அளவைக் கொறைங்கன்னுதான் சொல்றேன்.

அப்ப எப்பக் கேக்கணும்? மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கழட்டி பத்து நிமிஷம் நடக்க விட்டு ஒரு தடவை, அப்புறம் முக்கியமா மறுநாள் காலைல போன்ல. காலைலதான் உண்மை வெளிய வரும், ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணியை இழுத்து உப்பி இருக்கும், எந்திரிச்ச முதல் ஒரு மணி நேரம் குனிஞ்சா அதிகமா இழுக்கும். இதனாலதான் வெயிலுக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு காலைல 6 மணி ஸ்லாட் குடுக்கிறதும் தப்புங்கிறேன், ஏசி போட்டு பத்து மணிக்கு வையுங்க.

நம்பரைக் கேக்காதீங்க, எடத்தைக் கேளுங்க. இடுப்பா, குண்டியா, தொடையா, கெண்டையா, பாதமா? கால்ல இருந்தது இடுப்புக்கு ஏறிருச்சுன்னா, இடுப்பு வலி கொஞ்சம் கூடியிருந்தாலும் நீங்க சரியான வழியில போறீங்க. கீழ எறங்கிருச்சுன்னா நம்பர் 7ல இருந்து 2 ஆகியிருந்தாலும் அந்த கேமை நிறுத்துங்க. ஒவ்வொரு செஷனுக்கு முன்னாடியும் குதிகால்ல பத்து அடி, முன்பாதத்துல பத்து அடி நடக்க விடுங்க, ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆட்டோ லெவல் ஆப்ஷனை ஆஃப் பண்ணிடுங்க.

மூத்திரம் வரலை, உக்கார்ற எடம் மரத்துப்போச்சுன்னு சொன்னா

விஆரும் இல்லை பிசியோவும் இல்லை. அன்னிக்கே மெடிக்கல் காலேஜ் எமர்ஜென்சி.

வயிறு முட்ட சாப்பிட்டுட்டு வர்றவங்க

வாந்தி. ரெண்டு மணி நேரம் கழிச்சு வரச் சொல்லுங்க.

ரோலர் கோஸ்டர் வீடியோ

வேண்டாம்.

"எஃப்டிஏ அப்ரூவ் பண்ணது"ன்னு போர்டு வைக்கிறது

2021 நவம்பர்ல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு விஆர் புரோகிராமுக்கு அனுமதி குடுத்துச்சு, உண்மை. அது மூச்சுப்பயிற்சி, ரிலாக்சேஷன், வலியைப் பத்தி யோசிக்கிற விதத்தை மாத்துறதுன்னு 8 வாரம் போற, டாக்டர் எழுதிக் குடுக்கிற புரோகிராம். நீங்க போட்டுவிடுற பந்தடிக்கிற கேமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பேரைச் சொல்லி பேக்கேஜ் விக்காதீங்க.

கேம்ல குனிஞ்சுட்டாங்க, இனி வயல்ல குனிஞ்சுடுவாங்கன்னு விட்டுடுறது

இவ்ளோ திட்டினாலும் நான் ஹெட்செட்டைத் தூக்கிப் போடாததுக்குக் காரணம் பேஷண்டுங்களுக்கு குனியுறதுல இருக்கிற பயம்தான். நடவு நடுற அம்மா ஒருத்தங்க, யாரோ "டிஸ்க் வெலகிருச்சு, இனிமே குனியவே கூடாது"ன்னு சொல்லி வச்சதுல, கால் வலி போய் மாசங்கள் ஆகியும் கீழ விழுந்த துண்டை எடுக்கக்கூட பேத்தியைத்தான் கூப்பிடுவாங்க. கேம்ல மீன் பிடிக்கிற ஜோருல முட்டிக்குக் கீழ கை போகுது. வீடியோ எடுத்து காட்டினேன், "நானா இது"ன்னு திரும்பத் திரும்ப போட்டுப் பாத்தாங்க.

ஆனா அங்கயே நிறுத்திடக் கூடாது. ஹெட்செட்டைக் கழட்டின அஞ்சு நிமிஷத்துக்குள்ள அதே அளவுக்கு வெறும் கண்ணோட குனிய வைங்க. அப்புறம் ஒரு நாத்து முடியைக் கையில குடுத்து பாய்க்கு மேல நட்டுக்காட்டச் சொல்லுங்க, அப்புறம் சேத்துல, மொதல்ல கால் மணி நேரம். ரெண்டு வரிசைக்கு ஒரு தடவை நிமிந்து இடுப்புல கை வச்சு பின்னாடி வளையணும், சேந்து நடுறவங்க சிரிச்சாலும் பரவாயில்லை. ஜூன் 12ல மேட்டூர் தெறந்தா குறுவை நடவுக்கு ஆள் தேடி வந்துடுவாங்க, அதனால மே மாசமே இதை ஆரம்பிச்சுடணும். அந்தம்மா இந்த வருஷம் முதல் வாரம் மட்டும் அரை நாள் நடவுக்குப் போனாங்க. அரை நாள் கூலிதான் கெடைக்கும்னு மேஸ்திரிகிட்ட முன்னாடியே பேசி வச்சுக்கிட்டாங்க.