பிளஸ் ஒன்னில் எந்தக் கணக்கு? பத்தாம் வகுப்பு முடித்த நீலகிரி மாணவர்களுக்கான வழிமுறை

பத்தாம் வகுப்பில் கணக்கில் 85 வாங்கிய பிள்ளை, பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வில் தேர்ச்சிக்கே திணறுவது உண்டு. அந்த 85 எந்தக் கேள்விகளிலிருந்து வந்தது என்று குரூப் எடுக்கும்போது யாரும் பிரித்துப் பார்க்காததுதான் பெரும்பாலும் காரணம். அதனால் முதல் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும்.

படி 1: மதிப்பெண்ணைப் பிரியுங்கள்

மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 100 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, எட்டு மதிப்பெண் வினா 2. எட்டு மதிப்பெண் இரண்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும். இந்த 16 மதிப்பெண்ணைப் பழக்கத்தால் முழுதாக வாங்கிவிடலாம். ஆனால் காம்பஸ் வைத்து வரையும் வேலை பிளஸ் ஒன்னில் இல்லை. ஒரு மதிப்பெண்ணில் பலவற்றைப் புத்தகத்தின் பின்பக்க வினாக்களைப் படித்தே போட்டுவிடலாம். ஆக, இயற்கணிதத்தில் கை பழகாமலேயே 30 வரை வர வழி இருக்கிறது. மேல்நிலைக் கணக்கு கேட்பதோ அந்த இயற்கணிதக் கையைத்தான்.

படி 2: ஒரு மணி நேரச் சோதனை

பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் அலகுப் பயிற்சிகளில், முன்பு போடாத 10 கணக்குகளை எடுங்கள். இருபடிச் சமன்பாடு 3, விகிதமுறு கோவைகளைச் சுருக்குவது 2, நேர்க்கோட்டின் சமன்பாடு 2, முக்கோணவியல் முற்றொருமை 3. கைடு கூடாது, கைப்பேசி கூடாது. 60 நிமிடம்.

ஏழோ அதற்கு மேலோ சரியாக வந்தால் கணிதம் உள்ள குரூப்பைத் தயங்காமல் எடுக்கலாம். நான்கு முதல் ஆறு என்றால் எடுக்கலாம், ஆனால் மே மாதம் முழுக்க தினம் ஒரு மணி நேரம் இயற்கணிதமும் முக்கோணவியலும் போட்டாக வேண்டும். நான்குக்குக் கீழே என்றால் வேறு குரூப்பைப் பற்றி வீட்டில் மனம்விட்டுப் பேசுங்கள். எண்ணிக்கையைவிடத் தவறின் வகை முக்கியம். கூட்டல் கழித்தல் குறி மாறிப் போவது பயிற்சியில் சரியாகும். எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் தாள் வெறுமையாக இருந்தால், அடிப்படையையே திரும்பப் படிக்க வேண்டும்.

இன்னொரு சின்னச் சோதனை. மலை ரயில் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே ஏறும் சரிவு 12.5க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைவாட்டில் 1 கிலோமீட்டர் போனால் எத்தனை மீட்டர் ஏறும்? விடை 80. விடையைவிட, செங்கோண முக்கோணத்தைத் தானே வரைந்து எதிர்ப்பக்கத்தையும் அடுத்துள்ள பக்கத்தையும் சரியாகக் குறிக்கிறாரா என்று பாருங்கள்.

படி 3: என்னென்ன கணக்கு இருக்கிறது

மாநிலப் பாடத்திட்டத்தில் இரண்டு. ஒன்று இயற்பியல், வேதியியலோடு வரும் கணிதம். உயிரியலோடும் வரும், கணினி அறிவியலோடும் வரும். மற்றொன்று வணிகக் கணிதமும் புள்ளியியலும். இதை 'எளிய கணக்கு' என்று நினைத்து எடுப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். அணிகள், முக்கோணவியல், வகைநுண்கணிதம் இதிலும் உண்டு. பிளஸ் டூவில் தொகைநுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடும் வந்துவிடும். வெக்டரும் கலப்பெண்ணும் இல்லை. அதற்குப் பதிலாகத் தவணைப் பங்கீட்டுத் தொகை, பங்குகள், ஒட்டுறவு, நேரியல் திட்டமிடல்.

சி.பி.எஸ்.இ.யில் பிளஸ் ஒன்னுக்குக் கணிதம் (041), பயன்பாட்டுக் கணிதம் (241) என்று இரண்டு. பத்தாம் வகுப்பில் எளிய தாளான 'பேசிக்' கணிதம் எழுதியவர்கள் 041 கிடைக்குமா என்று சேரும் முன்பே பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

படி 4: படிக்க நினைக்கும் படிப்பிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பொறியியல் என்றால் பேச்சுக்கே இடமில்லை, கணிதம் வேண்டும். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வின் கட் ஆஃப் 200க்கு: கணிதம் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக 50, 50. கணிதம் 90, இயற்பியல் 80, வேதியியல் 84 என்றால் 90 + 40 + 42 = 172. கணிதத்தில் 10 இழந்தால் கட் ஆஃப் 10 குறையும். இயற்பியலில் இழந்தால் 5தான் குறையும். வணிகக் கணிதம் இந்தக் கணக்கில் சேராது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கணக்குக் குரூப்புக்காக அரசுப் பள்ளியை விட்டு மாறும் முன் இதையும் யோசியுங்கள்.

நீட் தேர்வில் கணக்கு கிடையாது. மருத்துவம் ஒன்றே இலக்கு என்றால் கணக்கில்லாத உயிரியல் குரூப் போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பயோ மேத்ஸ் எடுப்பவர், நான்கு கனமான பாடங்களைச் சுமக்கிறோம் என்று தெரிந்தே எடுக்க வேண்டும். பி.பார்ம் படிப்புக்கு இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ எது இருந்தாலும் சரி. வெலிங்டன் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் கேட்கும் என்.டி.ஏ.வில் (படை அதிகாரிகளைப் பயிற்றும் தேசியப் பாதுகாப்பு அகாடமி), கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். தரைப்படைக்கு எந்தக் குரூப்பும் போதும் என்றாலும், எழுத்துத் தேர்வில் 300 மதிப்பெண் கணக்குத் தாள் எல்லாருக்கும் உண்டு. சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) அடித்தளத் தேர்விலும் ஒரு தாள் கணக்கும் புள்ளியியலும்தான். அங்கே வணிகக் கணிதம் நேராகக் கைகொடுக்கும்.

படி 5: பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்

மலையில் எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லாக் குரூப்பும் இருக்காது. கணக்குக்கு முதுகலை ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, பணியிடம் காலியாக இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். அடுத்தது பேருந்து. மஞ்சூரிலிருந்து உதகைக்கு வந்து போகும் பிள்ளைக்கு மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து கடைசி வண்டி கிடைக்குமா? அந்த வகுப்பைத் தினமும் விட்டால், நல்ல பள்ளி என்ற பெயர் மட்டும் உதவாது.

படி 6: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

பிளஸ் ஒன் கணிதத்தின் முதல் மூன்று அத்தியாயங்கள் கணங்களும் சார்புகளும், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல். பின்னால் வரும் நுண்கணிதம் முழுவதும் இவற்றின்மேல்தான் நிற்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் விடுமுறை விடுவதும் இதே மாதங்களில்தான். மழை விடுமுறை விட்ட ஒவ்வொரு நாளும் விட்டுப்போன பயிற்சியிலிருந்து ஐந்து கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் முதல் இரண்டு தேர்விலும் ஐந்து மதிப்பெண் வினாக்களைத் தொடவே முடியவில்லை என்றால், காலாண்டு வரை காத்திராமல் தலைமை ஆசிரியரிடம் குரூப் மாற்றம் கேளுங்கள். நாள் தள்ளத் தள்ள, புதிய குரூப்பில் விட்டுப்போன பாடம் கூடிக்கொண்டே போகும்.