ஸ்பானிய மொழியில் 'வீடு எங்கே?' என்று கேட்கும்போது வரும் தவறுகள்

நம்மவர்கள் முதலில் தடுக்கி விழுவது 'எங்கே இருக்கீங்க?' என்பதில்தான். தமிழில் அதைக் கேட்டால் வீட்டையும் குறிக்கும், இப்போது நிற்கும் இடத்தையும் குறிக்கும். ஸ்பானிய மொழியில் இரண்டும் வேறு. 'தோந்தே எஸ்தாஸ்?' என்றால் இப்போது எங்கே நிற்கிறாய் என்றுதான் பொருள். வீட்டைக் கேட்க 'பிபிர்' என்ற வினை வேண்டும்: 'தோந்தே பீபெஸ்?' இதில் வரும் 'ப'வை 'அன்பு' என்பதில் வருவதுபோல் சொல்லுங்கள். எழுத்தில் அது ஆங்கில 'வி' என்றாலும் உதட்டைக் கடித்து 'வ' என்று சொல்ல வேண்டாம்.

'பீபெஸ்' நண்பருக்கும் குழந்தைக்கும். பெரியவரிடமோ அலுவலகத்திலோ 'தோந்தே பீபே உஸ்தெத்?' கடைசி 'ஸ்' போய்விட்டதைக் கவனியுங்கள். பலர் 'பீபெஸ் உஸ்தெத்' என்று மரியாதைச் சொல்லை மட்டும் ஒட்டிவிடுகிறார்கள். 'நீங்கள் எங்கே இருக்கிறாய்?' என்பது நம் காதில் எப்படி விழுமோ, அப்படித்தான் அதுவும் விழும். உஸ்தெத்தை அடியோடு விட்டாலும் சிக்கல்தான். 'தோந்தே பீபே?' என்பதை 'அவர் எங்கே வசிக்கிறார்?' என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் முதல் கேள்வியிலாவது உஸ்தெத்தைச் சேர்த்துவிடுங்கள்.

நம் 'நீங்கள்' மரியாதைக்கும் பன்மைக்கும் ஒன்றாகவே வருவதால், பலரிடம் கேட்கும்போதும் உஸ்தெத் போதும் என்று தோன்றும். போதாது. லத்தீன் அமெரிக்காவில் பலரைக் கேட்டால், அவர்கள் சிறுவர்களே ஆனாலும், 'தோந்தே பீபென் உஸ்தெதெஸ்?'தான். ஸ்பெயினில் நண்பர் கூட்டத்திடம் 'தோந்தே பிபீஸ்?' என்பார்கள். அதே 'பிபீஸ்' அர்ஜென்டினாவின் புவேனஸ் அயர்ஸில் ஒரே ஒருவரைக் கேட்பது, அதுவும் நெருக்கமாக. அங்கே 'நீ'க்கு 'போஸ்' என்ற சொல் இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஸ்பெயினில் சீக்கிரமே 'நீ'க்கு வந்துவிடுவார்கள். கொலம்பியாவின் போகோட்டாவில் நண்பர்களும் வீட்டாரும்கூட உஸ்தெத் சொல்லிக்கொள்வது சகஜம், அதை விலகல் என்று நினைத்து வருந்த வேண்டாம். குழப்பமாக இருந்தால் உஸ்தெத்தில் தொடங்குங்கள். வேண்டாம் என்றால் அவர்களே சொல்வார்கள்.

அப்புறம், முகவரி கேட்கும்போது 'என்ன' என்பதற்கான 'கே'யைப் போடக்கூடாது, 'எது' என்று கேட்க வேண்டும்: 'குவால் எஸ் சு திரெக்ஸியோன்?' நண்பரிடம் 'சு' என்பது 'து' ஆகிவிடும்.