எம்.எஸ். நோய்: புதிய தாக்குதலா, பழைய தழும்பா?

காலையில் ஒழுங்காக நடந்த கால், வெயிலில் கொஞ்ச தூரம் போனதும் தரையில் உரசத் தொடங்குகிறது. நிழலில் உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர் குடித்து அரை மணி நேரம் போனால் பழையபடி ஆகிவிடுகிறது. இன்னொருவருக்கு வலது கண்ணில் இரண்டு நாளாகப் பார்வை மங்கல், கண்ணை உருட்டினால் வலி. இரண்டுமே மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோயில் வருபவைதான். ஆனால் முதலாமவருக்கு ஓய்வு போதும். இரண்டாமவர் அன்றைக்கே மருத்துவரிடம் பேசியாக வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும், தேவையற்ற ஸ்டீராய்டும் தவிரும். அதற்கு முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

நரம்புக்குள் நடப்பது

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறை நன்றாக இருந்தால் சிக்னல் இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும். தடித்த இழைகளில் அந்த வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தொடும். உறையே இல்லாத மெல்லிய இழைகளில் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். எம்.எஸ். நோயில் உடம்பின் எதிர்ப்பு அணுக்களே இந்த உறையைத் தாக்குகின்றன. உறை போன இடத்தில் சிக்னல் தாமதமாகிறது, சிதறுகிறது, சில சமயம் நின்றே விடுகிறது. வீக்கம் வடிந்ததும் கொஞ்சம் உறை மறுபடி வளரும், மூளையும் மாற்றுவழி கண்டுபிடிக்கும். அதனால்தான் தாக்குதலுக்குப் பிறகு பலர் தேறுகிறார்கள். நரம்பிழையே அறுந்துபோனால் அந்தப் பகுதி திரும்புவதில்லை.

1868-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் மார்ட்டின் ஷார்கோ இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். மூளையில் அங்கங்கே இறுகிப்போன தழும்புகளைப் பார்த்துத்தான் 'பல இடத்து இறுக்கம்' என்ற பொருளில் பெயர் வந்தது.

கை கால்களில் ஓடும் நரம்புகளை இந்த நோய் தொடுவதில்லை. விரல் மரத்துப்போனால் கோளாறு கழுத்துத் தண்டுவடத்திலோ மூளையிலோ இருக்கிறது. விரலைத் தேய்த்துப் பயனில்லை. தழும்பு எங்கே விழுந்தது என்பதுதான் அறிகுறியைத் தீர்மானிக்கிறது. ஒரே நோய் ஒருவருக்குக் கண்ணிலும் இன்னொருவருக்குக் காலிலும் தெரிவது இதனால்தான். பார்வை நரம்பில் விழுந்தால் மங்கலும் வலியும் வரும். கழுத்துத் தண்டுவடத்தில் என்றால், தலையைக் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு சுரீர். மார்புப் பகுதித் தண்டுவடத்தில் என்றால் விலாவைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கிய உணர்வு, கால் பலவீனம், சிறுநீர்க் கோளாறு. மூளைத்தண்டில் என்றால் ஒன்று இரண்டாகத் தெரியும், தலை சுற்றும். சிறுமூளையில் என்றால் கை நடுங்கும், நடை தள்ளாடும்.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2022-இல் அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்த பெரிய ஆய்வில், எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவது தெரிந்தது. ஆனால் அந்த வைரஸ் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோர் உடம்பிலும் இருக்கிறது, எம்.எஸ். வருவது மிகச் சிலருக்கே. மரபணு, குறைந்த வைட்டமின் டி, புகைப்பழக்கம், இளவயதில் உடல் பருமன் எல்லாம் சேர்ந்துதான் நோய் கிளம்புகிறது. இது ஒட்டிக்கொள்ளும் நோய் கிடையாது. இவற்றில் உங்கள் கையில் இருப்பது புகையை விடுவது. புகைப்பவர்களுக்கு முடக்கம் சீக்கிரம் வருகிறது.

24 மணி நேரக் கணக்கு

புதிய அறிகுறி ஒன்று, அல்லது பழைய அறிகுறி வெளிப்படையாக மோசமாகி, காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தாக்குதல், அதாவது ரிலாப்ஸ் என்கிறோம். முந்தைய தாக்குதல் தொடங்கி 30 நாளாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குள் வந்தால் அதே தாக்குதலின் தொடர்ச்சி. இந்த வரையறைக்குள் வராமல், பழைய தழும்பு தற்காலிகமாகத் தலைகாட்டுவது பொய்த் தாக்குதல்.

பொய்த் தாக்குதலுக்கு முதல் காரணம் வெப்பம். 1890-இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற கண் மருத்துவர், உடற்பயிற்சிக்குப் பிறகு நோயாளிகளின் பார்வை மங்குவதைப் பதிவு செய்தார். உறை இழந்த நரம்பில் சிக்னல் ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் சூடு அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே அது நின்றுவிடக்கூடும். சூடு தணிந்தால் திரும்பிவிடும். இதனால் நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துச் சோதித்ததும் இதை நம்பித்தான்.

ஆக, உடம்பு திடீரென்று மோசமானால் இந்த வரிசையில் போங்கள். முதலில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பாருங்கள். அடுத்து சிறுநீர்த் தொற்றைச் சந்தேகியுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: உணர்வு மங்கியிருப்பதால் எரிச்சலே தெரியாமல் தொற்று இருக்கலாம். எரிச்சல் இல்லை என்று விட்டுவிடாமல் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பிறகு முந்தைய இரவுத் தூக்கம், மாதவிலக்கு, மன அழுத்தம், அதிக வேலை ஆகியவற்றை யோசித்துப் பாருங்கள். ஈரத்துணியைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் வைத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் படுங்கள். தேறினால் அது பழைய தழும்பு. தேறவில்லை என்றால் எழுதத் தொடங்குங்கள். குறிப்பு இப்படி இருந்தால் மருத்துவருக்கு உதவும்:

'செவ்வாய் காலை 7 மணி: இடது காலில் மரப்பு, பாதம் முதல் முழங்கால் வரை. காய்ச்சல் இல்லை. மாலை 6: தொடை வரை ஏறிவிட்டது. கைப்பிடி இல்லாமல் படி ஏற முடியவில்லை. புதன் காலை 7: அதே நிலை. சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை.'

'ரொம்ப முடியலை டாக்டர்' என்பதைவிட இந்தச் சில வரிகள் பல மடங்கு பேசும்.

பார்வைக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சிவப்பு நிற பாட்டில் மூடியை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு அடர் சிவப்பாகவும் மறு கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறமாகவும் தெரிந்தால் பார்வை நரம்பில் வீக்கம் இருக்கலாம்.

24 மணி நேரம் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. கண் பார்வை வேகமாகக் குறைவது, இரண்டு கால்களும் தளர்வது, சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொள்வது, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்படுவது: இவற்றுக்கு உடனே போக வேண்டும். எம்.எஸ். அறிகுறிகள் பெரும்பாலும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வளரும். வாய் கோணுவதோ கை விழுவதோ பேச்சு குழறுவதோ ஒரே நொடியில் வந்தால் அதைப் பக்கவாதமாகவே எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். 'எனக்கு எம்.எஸ். இருக்கிறது, அதுவாகத்தான் இருக்கும்' என்று ஆறப்போடுவது ஆபத்து.

தாக்குதல் உறுதியானால் வழக்கமாக மீதைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். இது தேறுவதை விரைவுபடுத்தும். கடைசியில் எவ்வளவு தேறுவோம் என்பதைப் பெரிதாக மாற்றாது. அதனால் லேசான மரப்புக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் ஆகாது. தொற்று இருக்கும்போது கொடுத்தால் தொற்று பெருகும். சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும், வாயில் உலோகச் சுவை தட்டும். காலையில் ஏற்றிக்கொண்டால் இரவுத் தூக்கம் ஓரளவு தப்பும்.

நோயை உறுதி செய்வதில் வரும் தவறு

ஒரு எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலே எம்.எஸ். ஆகிவிடாது. ஒற்றைத் தலைவலிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வயதுக்கும்கூடப் புள்ளி வரும். தழும்புகள் குறிப்பிட்ட இடங்களில் இருக்கின்றனவா, வெவ்வேறு காலத்தில் வந்தனவா, தண்டுவட நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகள் எனப்படும் எதிர்ப்புப் புரதத் தடங்கள் இருக்கின்றனவா என்பதைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பி12 குறைபாடும் இதேபோல வேஷம் போடும். முக்கியமாக, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. (நியூரோமைலைடிஸ் ஆப்டிகா) என்ற வேறொரு நோய் இருக்கிறது. இரண்டு கண்ணும் கடுமையாகப் பாதித்தாலோ, தண்டுவடத் தழும்பு மூன்று முதுகெலும்பு நீளத்துக்கு மேல் போனாலோ, அந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின்-4 ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட் போன்ற எம்.எஸ். மருந்துகள் என்.எம்.ஓ. நோயை மோசமாக்கிவிடும்.

நீண்டகால மருந்து

1993-இல் இன்டர்ஃபெரான் பீட்டா வந்தது. இன்றைக்கு ஊசி, மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து என்று பல இருக்கின்றன. 2017-இல் அனுமதி பெற்ற ஒக்ரெலிசுமாப், தொடக்கத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் வகைக்கும் கிடைத்த முதல் மருந்து. இவை எதுவும் இழந்ததைத் திருப்பித் தராது. புதிய தழும்பு விழாமல் தடுப்பதே இவற்றின் வேலை. 'ஒரு வருடமாகப் போடுகிறேன், ஒரு மாற்றமும் இல்லை' என்று நிறுத்துகிறவர்கள் பலர். மாற்றம் இல்லாமல் இருப்பதற்காகத்தான் அந்த மருந்து. ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப் இரண்டையும் தானாக நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திருப்பி அடிக்கலாம். நடாலிசுமாப் எடுப்பவர்கள் ஜே.சி. வைரஸ் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. அந்த வைரஸால் மூளையில் கொடிய தொற்று வர வாய்ப்புண்டு. தடுப்பூசிகளை மருந்து தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். டெரிஃப்ளூனோமைடு கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பகுதி

வீட்டில் சண்டை மூட்டுவது இதுதான். பார்க்க நன்றாக இருக்கிறார், ஆனால் மதியத்துக்கு மேல் எழ முடியவில்லை. எம்.எஸ். அசதி வேலை செய்த களைப்பு போன்றதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்தில்கூட வரும். இதைச் சோம்பல் என்று சொல்வது காயப்பட்டவரை நடிக்கிறார் என்பதற்குச் சமம். முதலில் சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடுங்கள்: இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுவது, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கம் தரும் மாத்திரைகள். அதன்பின் வேலையைத் துண்டு போடுங்கள். 20 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு என்று தொடங்கலாம். களைத்த பிறகு ஓய்வெடுத்தால் தாமதம். களைக்கும் முன்னால் உட்கார வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட நினைத்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். அசதிக்குப் பயந்து உடற்பயிற்சியை விடுவதும் தவறு. குளிர்ந்த நேரத்தில், முன்னும் பின்னும் குளிர்ந்த நீர் குடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

யோசனையின் வேகம் குறைவதும் நோயின் பகுதிதான். பாதிப் பேருக்காவது ஏதோ ஓர் அளவில் வருகிறது. அறிவு மங்குவதில்லை; பதில் வரத் தாமதமாகிறது, தெரிந்த சொல் நாக்கு நுனியில் நிற்கிறது. 'நேற்றே சொன்னேனே, மறந்துட்டியா?' என்று கேட்கிறோம். பல சமயம் மறக்கவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தபோது, குக்கர் விசில் அடித்தபோது, மூன்று விஷயத்தைச் சேர்த்துச் சொன்னதால் அது உள்ளே போகவே இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, ஒரு விஷயம் மட்டும் சொல்லி, பதிலுக்குப் பத்து எண்ணும் நேரம் காத்திருங்கள். வாக்கியத்தை அவருக்காக முடித்துவைக்காதீர்கள். மருத்துவமனைகளில் குறிகளுக்கு எண் பொருத்தும் 90 வினாடிச் சோதனை ஒன்று உண்டு; ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் வேகம் குறைகிறதா என்று தெரியும்.

மனச்சோர்வு எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை வாழ்நாளில் ஒருமுறையாவது பிடிக்கிறது. நோயைப் பற்றிய கவலையோடு, மூளையில் உள்ள சேதமும் அதற்குக் காரணம். மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்வதால் இது போகாது. மருந்தும் ஆலோசனையும் பலன் தரும். சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் அன்றே, தனியாக விடாமல், சிகிச்சைக்கு அழைத்துப்போங்கள். சிலருக்கு மனதில் துக்கமோ மகிழ்ச்சியோ இல்லாமலே அழுகையோ சிரிப்போ பீறிட்டு வரும். அதுவும் நரம்புக் கோளாறே, அதற்கும் மருந்து இருக்கிறது.

சிறுநீரும் கால் இறுக்கமும்

அடிக்கடி போக வேண்டியிருக்கிறது என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் தொற்றை வரவழைத்துக்கொள்கிறார்கள். நாளுக்கு 1.5 முதல் 2 லிட்டர் வரை பகலில் பரவலாகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளுங்கள். காபி, டீயைக் குறையுங்கள். சிறுநீர்ப் பை தேக்கிவைக்க முடியாமல் அவசரப்படுகிறதா, முழுதாகக் காலியாகாமல் அவசரப்படுகிறதா என்பது உணர்வை வைத்துத் தெரியாது. கழித்த பிறகு ஸ்கேனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் அவசரத்தை அடக்கும் மாத்திரை எடுத்தால் தேக்கம் கூடிவிடும். மிச்சம் தொடர்ந்து 100 மில்லிக்கு மேல் இருந்தால் தானே குழாய் செருகி வெளியேற்றும் முறையைக் கற்றுத்தருவார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்களும் பழகியபின் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

கால் இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் 5 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிரமை தோன்றலாம். பயணத்துக்குக் கிளம்பும்போது கூடுதல் மாத்திரைகளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அளவு கூடினால் எதிர்பாராத ஒன்று நடக்கும்: பலவீனமான காலைத் தாங்கிப்பிடித்திருந்ததே அந்த இறுக்கம்தான், அது தளர்ந்ததும் முழங்கால் மடங்கி விழுகிறார்கள். அளவு மாறிய வாரத்தில் படி ஏறும்போது கைப்பிடியை விடாதீர்கள். நிற்கும்போது கால் துவண்டால், எத்தனை மணிக்கு மாத்திரை எடுத்தீர்கள், எத்தனை மணிக்குத் துவண்டது என்று குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவர் அளவை மாற்ற அந்த இரண்டு நேரமும் தேவைப்படும்.